நடுகல்லும் பேசும் பொறியும்

இறந்த பின்னும் இவ்வுலகில் இருத்தல் வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்குப் புதியதன்று. பூதவுடம்பு அழியினும் புகழுடம்பு நிற்கும் என்று நம் முன்னோர் கருதியது அவ்வேட்கையின் ஒரு கோலமே. நம் நாளில் அது வேறொரு கோலம் பூண்டுள்ளது. ஒருவர் உயிரோடிருந்த காலத்தில் எழுதிய கடிதங்களையும் பேசிய பேச்சையும் எடுத்துக்கொண்ட படங்களையும் கணிப்பொறிக்குள் செலுத்தி, அவர் மறைந்த பின்னர் அவர் முகத்தோடும் குரலோடும் அது நம்மிடம் பேசுமாறும், நாம் கேட்டவற்றுக்கு விடையிறுக்குமாறும் செய்ய இயலும் காலம் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என வழங்கும் அத்துறையின் நுட்பங்களை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வாறு வாழ விரும்புவோர் எத்தகைய இயல்பினர்? அவ்வாறு வாழ்வது உண்மையில் அவர்தாமா? இவ்விரு வினாக்களையும் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றை முன்வைத்தும், நாம் வாழும் இத்தீவுகளில் 2010-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மறைவை முன்வைத்தும் எண்ணிப் பார்ப்பதே நாம் மேற்கொண்ட பணி.

முதல் வினாவிற்கு உளநூலார் சில விடைகள் கூறியுள்ளனர். ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் லாகாசுவோவும் அவர்தம் குழுவினரும், மனித மனத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுதல் என்னும் கற்பனையைப் பலர்முன் வைத்து, அதனை ஏற்பவர் யார், வெறுப்பவர் யார் என ஆராய்ந்தனர். அறிவியற் புனைகதைகளில் தோய்ந்தவரும் சாவை எண்ணி அஞ்சுபவரும் அதனை ஏற்கும் பாங்கினர் என்றும், தூய்மை பற்றிய எண்ணம் மிக்கவர் அதனை வெறுக்கும் பாங்கினர் என்றும் 2018-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை கூறிற்று. பிறரைத் தம் காரியத்திற்குக் கருவியாகக் கொள்ளும் இயல்பு மிக்கவரிடம் அவ்வேற்பு மிகுதி என்று 2021-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை காட்டிற்று. இத்தாலிய அரசியல் நூலாசிரியர் மாக்கியவெல்லியின் பெயரால் அவ்வியல்பை வழங்குவர்.

இம்முடிவுகளை நாம் இகழவில்லை. ஆயினும் ஒன்று கூறவேண்டும். ஒரு செயலை ஏற்றல் வேறு, தனக்கென அதனை விரும்புதல் வேறு. மேலும், இத்தகைய ஆய்வு ஒருவரைத் தனியே நிறுத்தி வினவுகின்றது. இறந்தவர் எவரும் தம்மைத் தாமே நிலைநிறுத்திக்கொள்வதில்லை. எஞ்சியிருப்போரே அவரை நிறுத்துகின்றனர். ஆதலின், வேட்கை யாருடையது என்னும் வினாவே முதலில் எழவேண்டும். இவ்வினாவைப் புறநானூறு போலத் தெளிவாக எழுப்பிய நூல் தமிழில் வேறில்லை என்பது நம் துணிபு.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வரலாறு அனைவரும் அறிந்ததே. மக்கள் இருவரும் தன்மேற் பகைத்தெழ, அவர்மேற் போருக்கு எழுந்தவன் புல்லாற்றூர் எயிற்றியனாரின் அறிவுரை கேட்டு அமைந்து, பின்னர் வடக்கிருந்து உயிர் துறந்தான். அவ்வேளையில் அவன் தானே பாடிய பாடல் ஒன்று 214-ஆம் பாட்டாக உள்ளது. நல்வினை செய்வோமா வேண்டாவா என ஐயுறுவாரை நோக்கி அவன் பேசுகின்றான். யானை வேட்டைக்குச் சென்றவன் யானையோடு திரும்புதலும் உண்டு, சிறு பறவையை நாடியவன் வெறுங்கையோடு திரும்புதலும் உண்டு, ஆதலின் உயர்ந்ததையே நாடுக என்கின்றான். துறக்கம் உண்டெனின் அதனைப் பெறலாம், அஃது இல்லையெனின் பிறவாமையைப் பெறலாம். அதுவும் இல்லையென்றே கொள்ளினும், இமயத்தின் சிகரம் போன்ற புகழை நட்டுவைத்துப் பழியற்ற உடம்போடு சாதல் சாலச் சிறந்தது என முடிக்கின்றான்.

இப்பாட்டைப் படிப்போர் பலர் இதன் அறக்கருத்தைப் போற்றி அமைந்துவிடுகின்றனர். நமக்கு இதில் அரசன் ஒருவனின் இயல்பு தெரிகின்றது. பெரியதையே விரும்பும் இயல்பு அது. சாவின் முன்னும் இமயத்தைவிடக் குறைந்த உவமை அவன் வாயில் வரவில்லை. ஹெல்சிங்கி ஆய்வாளர் வினாத்தாள் நீட்டியிருப்பின் அவன் என்ன விடை எழுதியிருப்பான் என்று எண்ணிச் சிறிது நகைத்துக்கொள்ளலும் ஆகும்.

ஆனால் அவன் விரும்பியதற்கு நேர்ந்தது என்ன என்பதைத் தொகுப்பில் ஒன்பது பாட்டுக் கடந்து காண்கின்றோம். அவன் நண்பர் பொத்தியார் உடன் வடக்கிருக்க வந்தபோது, நின் மனைவி கருவுற்றிருக்கின்றாள், மகன் பிறந்த பின் வா என்று திருப்பி அனுப்பினான் மன்னன். புதல்வன் பிறந்தான். பொத்தியார் திரும்பினார். மன்னன் நடுகல்லாகியிருந்தான். எனக்குரிய இடம் எது என 222-ஆம் பாட்டில் அக்கல்லை வினவுகின்றார். அடுத்த பாட்டில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. பலர்க்கு நிழலாய் இருந்தவன், உலகம் புகழ்ந்தவன், ஒரு சிறிய இடத்துள் ஒடுங்கிக் கல்லான பின்னும், பழைய நண்பர் தம்மிடம் வந்தால் இடங்கொடுத்து அருள்கின்றான் என வியக்கின்றார்.

இமயம் போன்ற புகழை வேண்டியவனுக்குக் கிடைத்தது ஒரு சிறு கல். அக்கல்லில் நிலைபெற்றது அவன் கொற்றமும் கொடையும் அல்ல. நண்பர்க்கு இடம் ஒதுக்கும் இயல்பு ஒன்றே. ஒருமுறையும் கண்டிராத பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒழித்து வையுங்கள் என்று உயிரோடிருந்தபோது சொன்னவன் அவன். உடனிருந்தோர் ஐயுற்றனர். பிசிராந்தையார் வந்தார். அதே இயல்புதான் கல்லிலும் தொடர்ந்தது எனப் பொத்தியார் காண்கின்றார். தன்னுள் எது நிற்கத் தக்கது என மன்னன் எண்ணினானோ அது வேறு, நண்பர் கண்டு நிறுத்தியது வேறு. இவ்வேறுபாட்டைப் பாட்டு வெளிப்படக் கூறவில்லை. தொகுத்தவர் 214-ஐயும் 223-ஐயும் ஒரு வரிசையில் வைத்தமையால் நாம் அதனைக் காண்கின்றோம்.

ஈண்டு ஒரு தடை எழும். கல் இடம் தந்தது எனப் பொத்தியார் கூறியதும், இறந்தவன் பேசுவதாகப் பொறி காட்டுவதும் ஒன்றே அன்றோ? இரண்டும் எஞ்சியோர் செய்துகொண்ட கற்பனைகள்தாமே? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. நாமும் நெடுநாள் இதற்கு விடை காணாதிருந்தோம். இன்று நமக்குத் தோன்றுவது இது. கல்லின் வாயில் பொத்தியார் புதுச்சொல் எதனையும் இடவில்லை. மன்னன் உயிரோடிருந்தபோது தந்த வாக்கு ஒன்றுண்டு. அதனைக் கல் நிறைவேற்றிற்று என்றே கண்டார். அதன்பொருட்டுத் தம் உயிரையே அவ்விடத்தில் வைத்தார். தாம் விரும்பியதை அவன் சொன்னதாகக் கூறிப் பயன் கொண்டாரல்லர்.

ஔவையார் அதியமான் நடுகல்லைப் பாடிய 232-ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கின்றனர். உயர்ந்த மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என வினவுகின்றார் ஔவையார். விடை இல்லை. விடையின்மையே அப்பாட்டின் உயிர். அதியனின் இயல்பை அவரினும் அறிந்தவர் இலர். இன்னது செய்வான் எனத் துணிந்து கூற உரிமையுடையவரும் அவரே. அவரே கூறாமல் விட்டார். இறந்தவர்க்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளுள் இது தலையாயது என்போம். அதியன் குரலில் ஒரு பொறி "கொள்வேன்" என்றோ "கொள்ளேன்" என்றோ சொல்லியிருப்பின் அப்பாட்டுப் பிறந்திராது.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாக வகுத்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன அவை. ஆறும் உயிரோடிருப்போர் செய்வன. உரிய கல்லைத் தேடிக் காண்பதே முதற்படி. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டோர், அவை எத்துணைச் சிறியன, அவற்றிலுள்ள செய்தி எத்துணைச் சுருங்கியது என அறிவர். கல்லில் இடமில்லாமையால் எஞ்சியதையெல்லாம் ஊரார் நினைவில் வைத்துக்கொண்டனர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழகத்தில் 2024-ஆம் ஆண்டின் தொடக்கம் இவ்வகையில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு சனவரியில் டி.ஆர். பாலு அவர்களின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி அவர்கள் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அவ்வுரையில் தம் மகனாரின் ஆட்சித்திறனையும் பாராட்டினார். அடுத்த மாதம், 2016-இல் மறைந்த செல்வி ஜெயலலிதா அவர்களின் குரல் அவர் பிறந்தநாளையொட்டி ஒலித்து, தாம் வழிநடத்திய கட்சியின் அந்நாளைத் தலைமைக்கு ஆதரவு வேண்டிற்று. இரு கழகத்தாரும் செய்தனர் ஆதலின் ஒருவரைப் புகழ்ந்து ஒருவரைப் பழித்தல் நம் கருத்தன்று. 2018-இல் மறைந்தவர் 2024-இன் நிகழ்வுகளைப் பற்றிக் கருத்துக் கூறியிருக்க வழியில்லை என்பதே நாம் சுட்டுவது. அங்கே பேசிய குரல் மறைந்தவருடையது, வேட்கை இருப்பவருடையது. பிறரைக் கருவியாகக் கொள்ளும் இயல்பு பற்றி உளநூலார் கூறியதை நாம் நினைத்துக்கொண்டதும் இங்கேதான். அவர்கள் அவ்வியல்பைப் பின்வாழ்வை ஏற்பவரிடம் தேடினர். பின்வாழ்வைப் பிறர்க்கு வழங்குபவரிடமும் தேடியிருக்கலாம்.

அதே சனவரியில் 'லால் சலாம்' படத்துக்கென ஏ.ஆர். ரகுமான் அமைத்த 'திமிறி எழுடா' என்னும் பாட்டு வெளிவந்தது. 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகிய இருவர் குரலும் அதில் பொறியால் உருவாக்கப்பட்டன. இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் தெரிவித்தார். இதனை முன்னையவற்றோடு ஒன்றாக எண்ண நமக்கு மனம் இல்லை. பாடகர் பிறர் எழுதியதைப் பாடுபவர், பாட்டின் கருத்து அவர் கருத்தாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும், 'திருடா திருடா' (1993) படத்தில் இசைக்கருவிகளின் துணையின்றிக் குரல்களாலேயே அமைந்த 'ராசாத்தி' பாட்டைச் சாகுல் ஹமீது பாடியதைக் கேட்டவர்கள், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். குரலின் நிறம் ஒன்றே. மூச்சு வாங்கும் இடங்களில் ஒரு வேறுபாடு நம் செவிக்குப் பட்டது. பிறர்க்குப் படாதிருக்கலாம்.

இடையே ஒரு சிறு குறிப்பு. எழுத்தாளர் சுஜாதா படைத்த 'ஜீனோ' என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர் உயிருள்ள நாயினும் மேலாக நேசித்தனர். பொறிக்குப் பண்பு இருக்கக்கூடாது என்னும் வெறுப்பு நம்மவர்க்கு என்றும் இருந்ததில்லை. ஜீனோ எவருடைய நகலும் அன்று என்பதே அந்நேசத்துக்கு இடம் தந்தது போலும்.

நம் தீவுகளில் நிகழ்ந்த மறைவுக்கு வருவோம். 2010 சனவரி 26 அன்று போவா மூத்தவர் என வழங்கப்பட்ட மூதாட்டி காலமானார். அகவை எண்பத்தைந்து அளவில். பெருந்தமானியர் மொழிகளுள் ஒன்றாகிய போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். 1858-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது பல ஆயிரவராய் இருந்த பெருந்தமானியர், நோயாலும் பிறவற்றாலும் அழிந்து ஐம்பதின்மர் அளவில் எஞ்சியுள்ளனர் என்பதை இத்தீவில் வாழும் நாம் மறத்தல் ஆகாது. நாமும் இம்மண்ணுக்குப் பிறகு வந்தவர்கள்தாமே.

மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி, அம்மூதாட்டியின் பேச்சையும் பாட்டையும் பல ஆண்டுகள் பதிவு செய்தார். அப்பதிவுகள் இன்று கணிப்பொறி வழியே எவரும் தேடிச்செல்லக்கூடிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெருந்தமானிய மொழியின் அகராதியும் இலக்கணமும் பறவைப் பெயர்த் தொகுப்பும் அம்முயற்சியின் பயன்கள். தம் மொழியில் உரையாட ஆளின்றிப் பல்லாண்டு வாழ்ந்த போவா, பறவைகளோடு அம்மொழியில் பேசுவார் என அப்பி எழுதியுள்ளார். தம் முன்னோரே பறவைகள் எனக் கருதும் மரபு அவர்களுடையது. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் நடுங்கியபோது, நிலம் பிளக்கும், ஓடாதீர்கள் என்று மூத்தோர் சொல்லியிருந்தமையை அவர் நினைவுகூர்ந்ததும் பதிவாகியுள்ளது. அவர் சிரிப்பு உடனிருந்தோரையும் தொற்றிக்கொள்ளும் என்கின்றனர்.

இலக்கமுறைப் பின்வாழ்வு என்பது எங்கேனும் உண்டெனின் இதுவே அதற்குத் தக்க சான்று. தம் பெயர் நிற்கவேண்டும் என்னும் இமய வேட்கை இதில் இல்லை. பேச ஆளில்லாத ஒருவரிடம், பேசுங்கள், கேட்கின்றேன் என்று ஒருவர் வந்து அமர்ந்தார். அக்குரல் நிலைத்தது. அப்பதிவுகளை ஒரு பொறிக்குள் செலுத்தி, போ மொழியில் விடையிறுக்கும் மூதாட்டி ஒருவரை நாளை எவரேனும் உண்டாக்கலாம். அப்பொறி சொல்வது பிழையா சரியா எனக் கூறத்தக்கவர் இவ்வுலகில் ஒருவரும் இலர். இதனை எண்ணும்போதுதான், விடையிறுக்காத பதிவு எத்துணை நேர்மையானது என்பது நமக்கு விளங்கிற்று.

நம் இல்லங்களில் இவ்வினா இப்போதே எழுந்துவிட்டது. சென்னையைப் போர்ட் பிளேரோடும் பிற தீவுகளோடும் இணைக்கும் ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கப்பட்டது. நகரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அதற்கு முன்னைய தலைமுறையில் நம் குரல் தாயகத்துக்குக் கப்பலில் சென்றது. ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, கப்பலேறும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை முதியோர் நினைவுகூர்வர்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அக்காள் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கும், தங்கை கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கும் அனுப்பப்பட்டனர். 1984-இல் தங்கை பேசி அனுப்பிய ஒலிநாடா ஒன்று கூடலூரில் இருந்தது. 2004-இல் ஆழிப்பேரலை கச்சாலைத் தாக்கியபோது அவ்வம்மையாரும் வீடும் வீட்டிலிருந்த நிழற்படங்களும் போயின. வெளியே அனுப்பப்பட்டிருந்த ஒரே காரணத்தால் அவ்வொலிநாடா தப்பிற்று. பதினொரு நிமிடப் பேச்சு.

பெங்களூரில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் பேரன், தன் திருமணத்தில் பாட்டி வாழ்த்த வேண்டும் என விரும்பினான். எட்டு அகவையில் பாட்டியை இழந்தவன் அவன். அவன் ஏக்கத்தைக் குறைகூற யாரால் இயலும்? பதினொரு நிமிடப் பேச்சே பொறிக்குப் போதுமாயிற்று. வாழ்த்து உருவாயிற்று. கேட்ட அவன் தாயார், "குரல் அம்மா குரல்தான்ப்பா. ஆனா உன்னை அம்மா ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார். பாட்டி அவனைச் 'சின்னத்துரை' என்றுதான் அழைப்பாராம். தேயிலைத் தோட்டங்களில் துரைக்கு அடுத்த அதிகாரிக்கு வழங்கும் பெயர் அது. தோட்டத்து வாழ்வில் தாம் பட்டதையெல்லாம் ஒரு கேலிச் சொல்லாக்கிப் பேரனுக்குச் சூட்டியிருந்தார் அவர். பையன் அன்றிரவே அச்சொல்லையும் பொறிக்குக் கொடுத்தான். மறுநாள் பொறி 'சின்னத்துரை' என்றது. தாயார் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். குரல் பொருந்தாதபோது குறை சொன்ன வீட்டார், பொருந்தியபோது அஞ்சினர். திறனாய்வாளர் எவரும் இதனினும் கூர்மையாக ஒரு போலியை மதிப்பிட்டுவிட முடியாது.

திருமணத்துக்கு முதல்நாள் மாலை பழைய ஒலிநாடாவை உள்ளபடியே வீட்டாருக்குப் போட்டுக் காட்டினர். கப்பல் வராததால் வெங்காயம் இல்லை, பால்வெட்டுக் கூலி இன்னும் கைக்கு வரவில்லை, கூடலூரில் மழை எப்படி என்பன போன்ற செய்திகளே அதில் இருந்தன. வாழ்த்து ஒன்றும் இல்லை. பேரன் தான் உருவாக்கியதை அழிக்கவில்லை, அவன் கைப்பேசியில் அஃது இருக்கின்றது. அழித்துவிடு என்று எவரும் அவனிடம் சொல்லவும் இல்லை.

ஒலிநாடாவின் படி ஒன்று கம்பிவடத்தின் வழியே கூடலூருக்குச் சென்றது. பேச்சின் நடுவே "பிள்ளைக் காம்பரா ஆயாவைப் பத்தி ஏதாச்சும் சேதி உண்டா அக்கா" என்று தங்கை கேட்கின்றார். யாரைப் பற்றிய பேச்சு அது என்பது இங்குள்ள மக்களுக்கு விளங்கவில்லை. கூடலூரிலிருந்து அக்காளின் மகள் மறுமொழி அனுப்பினார். தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கச் சென்ற வேளையில் இரு வீட்டுக் குழந்தைகளையும் வைத்துக் காத்தவராம் அவ்வாயா. இந்தியாவுக்கு வருவதற்கான தாள்கள் அவருக்குக் கிடைக்காமையால் ஹட்டன் பக்கத்திலேயே தங்கிவிட்டாராம். அவருடைய பெயர் அறிந்தவர் அங்கு எவரேனும் உளரா என்று இப்போது விசாரித்து எழுதியிருக்கின்றனர்.